இரண்டு ஊரில் சாட்சி சொன்னவள்

1

நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்கு வர ஒரே ஒரு பஸ்தான். இங்கிலாந்தின் வடக்கே, ஆடுகள் மேயும் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் இது. பகல் ஷிப்ட் முடிந்து ஏறினால் டிரைவர் ஸ்டீவ், "ஆல்ரைட், லவ்?" என்பார். வந்த புதிதில் அந்த 'லவ்' என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் 'அக்கா' என்பதுபோல இங்கே எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிய ஒரு குளிர்காலம் ஆயிற்று.

போன வருடம், இலை உதிர்கிற பருவத்தில் ஒரு மதியம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஓர் இளைஞன் முன்னால் போய், ஸ்டாப் இல்லாத இடத்தில் இறக்கிவிடச் சொன்னான். ஸ்டீவ் முடியாது என்றார். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஸ்டீவ் பதில் பேசாமல் ஓட்டினார். அடுத்த ஸ்டாப்பில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணியை இறக்குவதற்காகத் தன் கண்ணாடித் தடுப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவன் அதற்குத்தான் காத்திருந்தான் போல.

கத்தியால் முதல் குத்து வயிற்றில். இரண்டாவது தொடையின் மேலே, இடுப்பு மடிப்பில். ஸ்டீவ் சத்தமே போடவில்லை. யாரோ தோளில் தட்டியதுபோலக் குனிந்து பார்த்தார். அப்புறம் அப்படியே சரிந்தார். அவன் மூன்றாவது தடவை கையை ஓங்கினான்.

"டேய்! விடுறா! விடுறா நாயே!"

கத்தியது நான்தான் என்று என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த பஸ்ஸில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அவன் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். வெளிறிய முகம், இடது புருவத்தில் ஒரு தழும்பு, மேல்மூச்சு வாங்குகிறது. கத்தி முனை என் பக்கம் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவன் முகம் எனக்குள் பதிந்துவிட்டது. பிறகு கதவு வழியாகக் குதித்து ஓடினான்.

நான் தரையில் மண்டியிட்டேன். தொடையிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. என் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அதனால் வலது முஷ்டியைக் காயத்தில் வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தேன். ஸ்டீவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே போனது. "தூங்காதீங்க, என்னப் பாருங்க, என்னப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதையும் தமிழில்தான் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆம்புலன்ஸ் வந்து என் கையை எடுக்கச் சொன்னபோது, எடுக்க வரவில்லை. இருவர் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள்.

2

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். தேநீர் கொடுத்தார். கணினியில் என் பெயரை 'மிஸஸ் முருகேசன்' என்று அடித்தார். முருகேசன் என் அப்பா. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் நின்றதால், இந்த நாட்டைப் பொறுத்தவரை நான் என் அப்பாவின் மனைவி. வங்கி, மருத்துவமனை, மகளின் கல்லூரி என்று எல்லா இடத்திலும் விளக்கிச் சலித்து விட்டுவிட்டேன். என் பெயர் கலா. கணவர் பெயர் ராஜேந்திரன்.

"நீங்கள் என்ன கத்தினீர்கள்?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அடித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "பஸ்ஸில் நாய் இருந்ததா?" என்றார். இல்லை, அது அவனைச் சொன்னது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அடுத்து நான் 'கட்' என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "வெட்டினானா, குத்தினானா?"

இதே கேள்வியை இதற்கு முன் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், திருச்சியில்.

"குத்தினான்" என்றேன். "எனக்கு இரண்டும் தெரியும்."

பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் யாரும் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸின் கேமராவில் அவன் முதுகும் தொப்பியும்தான் தெரிந்தன. அடையாளம் காட்ட நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து என் மகள் யாழினியிடம் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. பத்து வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் இப்போது "ம்ம்" என்று சுருங்கிவிட்டது. அன்றைக்கு மட்டும் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் பதறித் தமிழிலேயே சொன்னாள்.

"புருவத்துல தழும்பா? அம்மா, அவன் நம்ம பின் தெருதான். அவன் கசின் என் காலேஜ்ல படிக்கிறான். நீயும் பார்க்கலன்னு சொல்லிடும்மா. ப்ளீஸ்."

3

இதைப் படிக்கிற திருச்சிக்காரர்களுக்குத் திருவானைக்காவலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் உப்பிலியபுரத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருவானைக்காவலுக்கு வந்தவள். ராஜேந்திரன் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருந்தார். விடியுமுன் கிராமங்களில் பூ மூட்டை ஏற்றி, ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் இறக்குவார். சட்டையில் எப்போதும் சம்பங்கி வாசம். கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும்.

குணா என்று ஒருவன். மார்க்கெட் பக்கம் அடிதடிக்குப் பேர் போனவன். ஒரு நாள் காலையில் பூ கட்டி விற்கிற ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து, பூக்கூடையோடு தெருவில் தரதரவென்று இழுத்தான். தன் இடத்தில் கடை போட்டுவிட்டாளாம். அத்தனை பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் வண்டியிலிருந்து இறங்கிப்போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவன் நிலை தடுமாறி அழுகின பூக்குவியலில் விழுந்தான். பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே தூளியில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு வயது. பைக் சத்தம் வந்து நின்றது. பிறகு வாளி உருண்ட சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். குணாவும் இன்னும் இருவரும். கையில் அரிவாள். முதல் வெட்டு தோளில் ஏற்கெனவே விழுந்திருந்தது. கழுவின தண்ணீரோடு ரத்தமும் கலந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்து ஓடினார். துரத்தினார்கள். டீக்கடை முன்னால் காலில் வெட்டி விழவைத்தார்கள். குணா தலைக்கு ஓங்கினான். நான் அந்த அரிவாளை இடது கையால் பிடித்தேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அவன் இழுத்தான். என் உள்ளங்கை பிளந்தது. வலி தெரியவில்லை, சூடாக ஏதோ முழங்கை வரை இறங்கியது மட்டும் தெரிந்தது. அவன் என்னை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். நான் விழுந்த இடத்திலிருந்து, அவன் வெட்டிய ஒவ்வொரு வெட்டையும் பார்த்தேன்.

டீக்கடை நிறைய ஆட்கள். பாய்லர் கொதிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

4

வழக்கு வந்தது. ஆரம்பத்தில் நிறையப் பேர் சாட்சி. பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். டீக்கடைக்காரர், தான் அப்போது பால் வாங்கப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார். தலைமுடி பிடித்து இழுக்கப்பட்ட அந்தப் பூக்காரப் பெண் ஊரைவிட்டே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் உப்பிலியபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். குணா ஜாமீனில் வெளியே வந்தான். ஒரு நாள் வெள்ளி முளைக்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகைமேல் தீப்பற்ற வைத்த பெட்ரோல் பாட்டில் வந்து விழுந்தது. கூரை எரிந்தது. ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அது கத்திய சத்தம் இன்றும் சில சமயம் வருகிறது.

அண்ணன் கையில் வெந்த புண்ணோடு என் முன்னால் உட்கார்ந்தார்.

"போனவரு போயிட்டாரும்மா. நீ சாட்சி சொன்னா திரும்பி வந்துடுவாரா? உன் பிள்ளைய நெனச்சுப் பாரு. என் பிள்ளைங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரி, சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பாடு இறங்கவில்லை. தலை சீவவில்லை. குழந்தை அழுதால் எழுந்துபோய்த் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்படி இருந்தபோதுதான் ஜோதி வந்தாள். குணாவின் மனைவி. திருச்சியிலிருந்து பஸ் ஏறி, துறையூரில் மாறி, மதிய வெயிலில் இடுப்பில் மகனோடு வாசலில் வந்து நின்றாள். யார் என்று சொன்னதும் எனக்குக் கண் இருட்டியது. கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்தேன். கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன். அவள் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். தடுக்கவில்லை.

"அடிங்கக்கா. எனக்குப் பழகிப்போச்சு."

என் கை நின்றது. அவள் முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்து, சீழ் கட்டியிருந்தது.

"நீங்க சாட்சி சொல்ல மாட்டேங்கறீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. வீட்டுல பிரியாணி, குடி. உங்க வீட்டுக்காரரு மேல வச்ச மாதிரி எனக்கும் வைக்கிறேன்னு நேத்து கழுத்துல அரிவாள வச்சுப் பார்த்தாரு. அவரு விடுதலையானா அடுத்தது நான்தான். சொல்லுங்கக்கா. உங்க கால்ல விழுறேன், பயப்படாமப் போய்ச் சொல்லுங்க."

"நீயே போய்ச் சொல்லேன்" என்றேன்.

"நான் பார்க்கலையேக்கா. பார்த்தது நீங்கதானே?"

அண்ணன் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவள் புண்ணைக் கழுவி மஞ்சள் வைத்தேன். அன்று சாயந்திரம் வெகு நாள் கழித்துத் தலைக்குக் குளித்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். என்னிடம் திடீரென்று வீரம் எதுவும் வந்துவிடவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் செத்துப்போனவருக்காக மட்டும் நான் கோர்ட்டுக்குப் போகவில்லை, உயிரோடு இருக்கிற ஒருத்திக்காகவும் போகிறேன் என்று தெரிந்ததும், பயத்தோடு எழுந்து நடக்க முடிந்தது.

5

திருச்சி கோர்ட்டில் குணா கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான். அவனுடைய வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வெட்டினாரா, குத்தினாராம்மா?"

"வெட்டினான்."

"ரத்தத்தைப் பார்த்த பயத்துல நீங்க கண்ண மூடிட்டீங்க. சரிதானே?"

"மூடலைங்க."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"மூடியிருந்தா அரிவாள எப்படிங்க பிடிச்சிருப்பேன்?"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். மடங்காத இரண்டு விரல்களும் விறைத்து நின்றன. நீதிபதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

குணாவுக்கும் இன்னொருவனுக்கும் ஆயுள் தண்டனை. மூன்றாமவன் தப்பிவிட்டான், அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. ஜோதி தன் அக்காவோடு திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். நான் திருச்சியிலேயே நர்ஸிங் சேர்ந்தேன். சேர்க்கும்போது கையைப் பார்த்துத் தயங்கினார்கள். ஊசி போட்டுக் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். அந்த மடங்காத விரல்களோடுதான் சில வருடம் வார்டில் நின்றேன், பிறகு விமானம் ஏறினேன். விசாவுக்குக் குழந்தையின் தகப்பனாருடைய சம்மதம் வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

6

இங்கே ஸ்டீவ் பிழைத்துக்கொண்டார். போலீஸ் காட்டிய படங்களிலிருந்து நான் அவனை அடையாளம் காட்டினேன். அவனைப் பிடித்தார்கள். அந்த வாரமே எங்கள் வீட்டு முன் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு செங்கல் உள்ளே வந்தது. யாழினி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சில் கன்னத்தைக் கிழித்தது. நான் துடைக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகவே அன்றைக்கும் தமிழில் கத்தினாள்.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அப்பாவும் இப்படித்தானே? ஹீரோ மாதிரி போய் அடிச்சாரு, செத்தாரு! நம்மள நெனச்சாரா? என்னை நெனச்சாரா?"

யாரையோ அடித்ததற்காக அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அன்றைக்கு உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாளி உருண்டதிலிருந்து.

"முதல் வெட்டு விழுந்ததும் அவரு வீட்டுக்குள்ள ஓடியிருக்கலாம்டி. நாலு அடிதான். கதவு திறந்துதான் இருந்துச்சு. கதவச் சாத்தித் தாழ் போட்டிருந்தா ஒருவேளை பொழைச்சிருப்பாரு. உள்ள நீ தூங்கிட்டிருந்த. அவங்க பின்னாடியே வருவாங்கன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் தெருவப் பார்த்து ஓடினாரு."

அவள் கன்னத்தில் ரத்தமும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன.

"உன்ன நெனச்சுதான்டி ஓடினாரு" என்றேன்.

அவள் என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தழும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். சிறு பிள்ளையாக இருந்தபோதுகூட அப்படித் தொட்டதில்லை. பிறகு, "ஜோதி ஆன்ட்டி இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள், பையனைப் பாலிடெக்னிக் படிக்க வைக்கிறாள் என்று சொன்னேன். "ம்ம்" என்றாள். அந்த "ம்ம்" வேறு மாதிரி இருந்தது.

7

இந்த வருடம் வசந்தத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட்டில் எனக்கு ஒரு திரை கட்டித்தருவதாகச் சொன்னார்கள். குற்றவாளிக் கூண்டிலிருப்பவன் என்னைப் பார்க்க முடியாதாம். நல்ல ஏற்பாடு. திருச்சியில் அது இருந்திருந்தால் டீக்கடைக்காரர்கூட வந்திருப்பாரோ என்னவோ. ஆனால் எனக்கு வேண்டாம் என்றேன். அவன் முகத்தை நான் பார்த்தேன் என்பதுதானே நான் சொல்ல வந்தது. யாழினி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மேலே பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

அவனுடைய வக்கீல் என்னைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்தார். ரத்தம், பதற்றம், நொடி நேரம், எல்லா வெள்ளை முகங்களும் உங்களுக்கு ஒன்றுபோலத் தெரியாதா? இங்கே வந்த நாளிலிருந்து வெள்ளை முகங்களைத்தான் தினமும் கழுவித் துடைத்துச் சாப்பாடு ஊட்டுகிறேன், ஒவ்வொன்றையும் தனியாகத் தெரியும் என்றேன். அவர் காகிதங்களைப் புரட்டினார். மேலே யாழினி இருந்த பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் வந்தது.

தீர்ப்பு அன்றைக்கும் போனோம். அவன் குற்றவாளி என்று முடிவானது. நீண்ட சிறைத் தண்டனை. ஸ்டீவ் கைத்தடியோடு வந்திருந்தார். இனி பஸ் ஓட்ட முடியாதாம். டிப்போவில் உட்கார்ந்து புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது நடைபாதை பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவனுடைய அம்மா. நான் சாட்சி சொன்ன அன்றைக்கும் கடைசி வரிசையில் அதே பச்சைக் கோட்டோடு இருந்தாள். கூட ஒருவரும் இல்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மூடியைத் திறக்கப் பார்க்கிறாள், விரல் வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறாள். எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நானும் அப்படித்தான் கடந்து வந்துவிட்டேன். கதவருகே வந்து திரும்பினால் யாழினியைக் காணோம்.

அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை வாங்கித் திறந்து, அந்தப் பெண்ணின் கையில் வைத்து, அது கீழே விழாதபடி தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணாடி கிழித்த கோடு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைக் குடித்தாள். யாழினி கையை எடுக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை.